பழைய கைவேலை கிளாசிக்கல் கிதார் வாங்கும்முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிதார் சொல்லிக்கொடுப்பவன் நான். "1970ஆம் வருட ஸ்பானிஷ் கிதார், கையால் செய்தது, விற்பனைக்கு" என்று யார் கண்ணிலாவது ஒரு விளம்பரம் பட்டால், அதன் படம் என் கைப்பேசிக்கு வந்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"கிளாசிக்கல் கிதாருக்கும் கடையில தொங்குற சாதாரண கிதாருக்கும் என்ன வித்தியாசம் சார்?"

முதல் வித்தியாசம் தந்தி. கிளாசிக்கல் கிதாரில் மெல்லிய மூன்று தந்திகளும் நைலான். தடித்த மூன்றும் நைலான் இழைமேல் உலோகக் கம்பி சுற்றியவை. கழுத்து அகலம், நட் (தலையருகே தந்திகள் படியும் சிறு துண்டு) அருகே ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் இருக்கும். விரல்பலகை வளைவில்லாமல் தட்டையாக இருக்கும். கழுத்து உடலோடு சேரும் இடம் 12ஆவது ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த கம்பி). மேல்பலகை மெலிசு. அதன் அடியில் விசிறி விரித்தாற்போல் சன்னக் குச்சிகள் ஒட்டியிருக்கும்.

இந்த உருவத்தை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தே தோரெஸ் (1817–1892). நட்டிலிருந்து சேடில் (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்னும் கட்டையில் தந்திகள் படியும் எலும்புத் துண்டு) வரை 650 மில்லிமீட்டர் என்ற தந்தி நீளம் அவர் கிதார்களைப் பின்பற்றித்தான் வழக்கமாயிற்று. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: அந்தக் கால கிளாசிக்கல் கிதார்களின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்னும் திருகுகம்பி பொதுவாகக் கிடையாது. கழுத்து வளைந்தால் சாவி போட்டு நிமிர்த்த முடியாது.

"எல்லாரும் ஹேண்ட்மேடுன்னுதான் போடறாங்க. எதைத்தான் நம்பறது?"

அந்தச் சொல்லுக்குள் மூன்று விதம் அடங்கியிருக்கிறது. ஒரே கலைஞர் மரம் தேர்வதிலிருந்து பாலிஷ் வரை தானே செய்வது ஒன்று. பார்சிலோனாவின் இக்னாசியோ ஃப்ளேட்டா தன் பிள்ளைகளோடு செய்தது ஏறக்குறைய இந்த வகை. ஒரு ஆசானின் பட்டறையில், அவர் வடிவமைப்பில், தேர்ந்த தொழிலாளிகள் செய்வது இரண்டாவது. மத்ரித் ரமிரெஸ் பட்டறை இதற்குச் சரியான உதாரணம். அங்கே கிதாரைச் செய்த தொழிலாளியின் முதலெழுத்தை உள்ளே முத்திரையாகக் குத்துவார்கள். மூன்றாவது, தொழிற்சாலையில் இயந்திரம் வெட்டிய பாகங்களைக் கையால் ஒட்டுவது. அதையும் கைவேலை என்று சொல்லிவிடுகிறார்கள்.

முதல் இரண்டில் எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். ரமிரெஸ் பட்டறையில் வேலை பார்த்த பவுலினோ பெர்னாபேயும் மனுவெல் கொன்ட்ரேராஸும் பிறகு தங்கள் பெயரிலேயே பட்டறை வைத்துப் புகழ்பெற்றவர்கள். மூன்றாவதை மட்டும் முதலாவதின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது. கிதாரின் வாய் வழியாகக் கைப்பேசி விளக்கைக் காட்டி உள்ளே பாருங்கள். குச்சிகளின் முனை உளியால் சீவி இழைத்திருக்கிறதா, ஒட்டுத்துண்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா, மேல்பலகை ஒரே மரமா அல்லது பிளைவுட்டா என்று கவனியுங்கள். வாயின் விளிம்பில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தொடர்ந்து ஓடினால் அது முழு மரம்.

"எத்தனை வருஷம் ஆனா விண்டேஜ்?"

வரையறை கிடையாது. என் கணக்கில் ஒரு கோடு மட்டும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு எல்லோரும் மீட்டியது ஆட்டுக்குடல் தந்தியை. 1940களின் பிற்பாதியில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்தி செய்து, அதை ஸ்பெயினின் புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா ஏற்றுக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. அதற்கு முந்தைய கிதார்கள் குடல் தந்தியை மனதில் வைத்து மிக லேசாகச் செய்யப்பட்டவை. அவை சேகரிப்பவர்களுக்கு உரியவை. தினமும் நான்கு மணி நேரம் சாதகம் செய்யப்போகிறவர் 1960க்குப் பிந்தையதைத் தேடுவது நல்லது.

"வயலின் மாதிரி கிதாரும் பழசாக ஆக இனிமையாகுமாமே?"

பாதி உண்மை. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரமாக இருந்தால், வாசிக்க வாசிக்கச் சில வருடங்களில் ஒலி திறந்துகொள்வதை நானே கேட்டிருக்கிறேன். சிவப்பு சிடார் அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே மலர்ந்த ஒலி தரும். மத்ரித் ரமிரெஸ் பட்டறையை நடத்திய மூன்றாம் ஹோசே ரமிரெஸ் 1960களில் சிடாரை மேல்பலகைக்குக் கொண்டுவந்து பரப்பியபோது மேடைக் கலைஞர்கள் அதை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் காலம் எல்லையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதில்லை. இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றிய தடிமனுள்ள ஒரு பலகையை ஆறு தந்திகள் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையில் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஐம்பது வருடத்தில் சில பலகைகள் களைத்துவிடும். அப்படிப்பட்ட கிதாரில் சத்தம் வரும், ஆனால் சுரத்தின் நடுவில் உடம்பு இருக்காது. வயதை வைத்து இனிமையை முடிவுசெய்ய வழியே இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பிரேசில் ரோஸ்வுட்டான்னு முதல்ல கேளுன்னு ஃப்ரெண்டு சொன்னான். அதுதான் முக்கியமா?"

உங்கள் நண்பர் விலையைப் பற்றிச் சொல்கிறார் என்றால் சரி. ஒலியைப் பற்றி என்றால், 1862இல் தோரெஸ் செய்த ஒரு கிதாரைச் சொல்வேன். மேல்பலகையை நல்ல ஸ்ப்ரூஸில் செய்துவிட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். ஒலியின் உயிர் மேல்பலகையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தது அது. முதுகு மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்க்கும் வரிசையில் அது இரண்டாவது, அவ்வளவுதான்.

1960களின் இறுதியில் பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபின், ஸ்பெயின் பட்டறைகள் பெரிய அளவில் திரும்பிய மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் அதே மரம்தான் மத்ரித் போய்க் கிதாராகியிருக்கிறது. அதை "இரண்டாம் தரம்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. உலகின் மிகச் சிறந்த கச்சேரி கிதார்கள் பலவற்றின் உடல் அந்த மரம்.

"முதுகு மஞ்சளா, லேசா இருக்கு. விலையும் கம்மி. மட்டமான மரமா?"

அநேகமாக அது ஃப்ளெமெங்கோ கிதார். அந்த மரம் சைப்ரஸ். மட்டமில்லை, வேறு வேலைக்குச் செய்தது. தந்தி விரல்பலகைக்கு நெருக்கமாக இருக்கும், ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும், விரலால் தட்டுவதற்கு மேல்பலகையில் ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். நீண்டு ஒலிக்கும் சுரம் வேண்டுமென்றால் இது உங்களுக்கானது அல்ல.

"உள்ள லேபிள்ல பெரிய பேரு, கையெழுத்து, வருஷம் எல்லாம் இருக்கு. அது போதாதா?"

போதாது. லேபிள் ஒரு காகிதம். கழற்றி வேறொன்றில் ஒட்டலாம், புதிதாக அச்சடிக்கலாம். உண்மையான லேபிளும் முழுக்கதையைச் சொல்லாது. 1912இல் மத்ரித்தில் செகோவியாவுக்குக் கிடைத்து, அவர் கால் நூற்றாண்டு வாசித்த கிதாரின் லேபிள் மனுவெல் ரமிரெஸ் பெயரில் இருக்கிறது. அதைச் செய்த கை அங்கே வேலைபார்த்த சாந்தோஸ் எர்னாந்தெஸுடையது என்கிறார்கள். அந்தக் கிதாரும், 1937இல் அவர் அதற்கு மாற்றாக எடுத்துக்கொண்ட மியூனிக் ஹெர்மன் ஹவுசரின் கிதாரும் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எனவே லேபிளைக் கிதாரோடு ஒத்துப்பாருங்கள். தலைப்பகுதியின் வடிவம், வாயைச் சுற்றிய மணிக்கோலம், உள்ளே குச்சிகள் ஓடும் விதம், முத்திரை எல்லாம் அதே பட்டறையின் அதே காலத்து வேலையா? 1960க்கு முந்தைய வருடம் போட்ட ரமிரெஸ் லேபிளுக்கு மேலே சிடார் பலகை இருந்தால் கேள்வி எழ வேண்டும். ஜப்பானின் கோனோ மசாரு 1967இல் பெல்ஜியத்தில் தங்கப்பதக்கம் வென்ற கலைஞர். அவர் கிதார்களில் எண் 15, எண் 20 என்று இருந்தால் அது அன்றைய விலையைப் பத்தாயிரம் யென் கணக்கில் குறிப்பது, வரிசை எண் அல்ல. இதுகூடத் தெரியாமல் விற்பவர் சொல்லும் மற்ற விவரங்களையும் நான் மறுபடி சரிபார்ப்பேன்.

"மேல்பலகையில விரிசல். விட்டுடலாமா?"

எந்த விரிசல், எங்கே, யார் சரிசெய்தது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐம்பது வயதுக் கிதாரில் ரேகையோடு ஓடும் ஒரு விரிசல், உள்ளே சிறு மரத்துண்டுகள் ஒட்டி ஒழுங்காக மூடப்பட்டிருந்தால், ஒலிக்குக் கேடில்லை. விலையைக் குறைக்கும், அது உங்களுக்கு நன்மை. முதுகில் இருக்கும் பழைய விரிசலுக்கு நான் தூக்கம் கெடுத்துக்கொள்வதில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. பிரிட்ஜின் இரு ஓரத்திலிருந்தும் கிளம்பும் விரிசல், விரல்பலகையின் இரு பக்கமும் வாய்வரை ஓடும் விரிசல், தலை கழுத்தோடு சேரும் இடத்தில் குறுக்கே ஓடும் கோடு. இந்தக் கடைசியானது கிதார் ஒருமுறை விழுந்ததன் அடையாளமாக இருக்கலாம். விரல்முட்டியால் மேல்பலகையை அங்கங்கே மெல்லத் தட்டுங்கள். ஏதாவது ஒரு குச்சி விட்டிருந்தால் சலசலவென்று தனியாகக் கேட்கும். குச்சி விட்டிருப்பது பெரிய நோய் அல்ல, திரும்ப ஒட்டிவிடலாம். எபாக்ஸி கொட்டி ஒட்டிய விரிசல்தான் பெரிய நோய், ஏனென்றால் அதை மறுபடி பிரித்துச் சரிசெய்யவே முடியாது.

"தந்தி ரொம்ப உயரமா இருக்கு. சேடிலைக் கொஞ்சம் தேய்ச்சாச் சரியாயிடும்னு விக்கிறவர் சொல்றாரே?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். தடித்த தந்திக்கு 4 மில்லிமீட்டர், மெல்லியதற்கு 3, இதைச் சுற்றி இருந்தால் சரி. 5க்கு மேல் போனால் இடதுகை வலிக்கும். பிறகு பிரிட்ஜுக்கு வெளியே எலும்புச் சேடில் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள்.

12ஆவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் 1 மில்லிமீட்டர்தான் வெளியே தெரிகிறது என்றால் தேய்ப்பதற்கு ஒன்றுமில்லை. முன்பு வைத்திருந்தவர்கள் ஏற்கெனவே தேய்த்து முடித்துவிட்டார்கள். கழுத்து மெல்ல முன்னால் வளைந்துவந்திருக்கிறது என்று அர்த்தம். முதல் பதிலில் சொன்னபடி திருப்ப சாவியும் இல்லை. ஸ்பானிஷ் முறையில் கழுத்தின் அடிக்கட்டைக்குள் பக்கப்பலகைகளைச் சொருகி உடலைக் கட்டுவதால், கழுத்தைத் தனியே கழற்றிப் பூட்டுவதும் எளிதல்ல. ஃப்ரெட்களைப் பிடுங்கி, கருங்காலி விரல்பலகையைச் சரிவாக இழைக்க வேண்டும், அல்லது பலகையையே மாற்ற வேண்டும். நல்ல கைக்காரர் செய்தால் கிதார் மறுபிறவி எடுக்கும். செலவும் அதற்கேற்ப இருக்கும். நான் ஒருமுறை சேடில் படத்தைக் கேட்காமலே ஒரு கிதாருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இதை முழுதாகக் கற்றுக்கொண்டேன்.

"பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை லேசா உப்பியிருக்கு. இது?"

லேசான உப்பல் சாதாரணம். பல கிதார்களைச் செய்யும்போதே சிறிது குவிவாகத்தான் செய்கிறார்கள். பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளமும் பின்னால் மேடுமாக அலை தெரிந்தால், அல்லது பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதம் நுழைந்தால், மேலே சொன்ன 40 கிலோ தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது.

"பாலிஷ் மங்கிப்போச்சு. புதுசா பாலிஷ் போட்டு வாங்கிக்கறேன்னு சொல்லட்டுமா?"

தயவுசெய்து வேண்டாம். பழைய கைவேலைக் கிதார்கள் பலவற்றில் இருப்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் நூற்றுக்கணக்கான முறை தேய்த்தேற்றிய பாலிஷ். அந்த அரக்கும் நம் நாட்டுப் பூச்சியிடமிருந்து, பெரும்பாலும் ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளிலிருந்து போவதுதான். அது மெல்லிய படலம், பலகையின் அசைவை அமுக்காது. அதைச் சுரண்டிவிட்டு மேலே கெட்டியான வார்னிஷ் அடித்தால் ஒலியும் போகும், விலையும் போகும். சுரண்டும்போது பலகையின் தடிமனும் கொஞ்சம் போகும், அது திரும்பி வராது.

ஏற்கெனவே யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க, நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டுங்கள். அரக்கு ஆரஞ்சாக ஒளிரும். திட்டுத்திட்டாக வேறு நிறம் தெரிந்தால் அங்கே பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: அரக்கு ஆல்கஹாலில் கரையும். கைக்குச் சானிடைசர் போட்ட ஈரத்தோடு அதைத் தொடாதீர்கள்.

"ஸ்டீல் கம்பி மாட்டினா சத்தம் ஜாஸ்தி வருமா?"

மாட்டாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

"664னு போட்டிருக்கு. எனக்குக் கை சின்னது. சமாளிக்கலாமா?"

மூன்றாம் ரமிரெஸ் காலத்து 1ஏ வகைக் கச்சேரி கிதார்களின் தந்தி நீளம் அதுதான். வழக்கமான 650ஐவிட 14 மில்லிமீட்டர் அதிகம். கேட்கச் சின்ன வித்தியாசம். முதல் நான்கு ஃப்ரெட்டில் விரல்களை அகட்டிப் பிடிக்கும் பாடம் வரும்போது தெரியும். உயரமான தந்தியும் சேர்ந்தால் சிரமம் கூடும். சின்னக் கை உள்ள மாணவருக்கு எவ்வளவு புகழ்பெற்ற லேபிளாக இருந்தாலும் நான் 650க்கு மேல் பரிந்துரைப்பதில்லை. காயம் வந்தால் ஆறு மாதம் கிதாரையே தொட முடியாது.

"பிருடை சுத்தவே மாட்டேங்குது. அது பெரிய குறையா?"

இல்லை. தந்தியை முறுக்கும் பிருடைக்கு எண்ணெய் ஒரு துளி, இல்லையென்றால் புது பிருடைச் செட். வாங்கும்முன் உருளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இப்போது பொதுவானது 35 மில்லிமீட்டர், பழையவற்றில் மாறுபடலாம். கழற்றிய பழைய பிருடையைத் தூக்கிப் போடாதீர்கள். பார்சிலோனா ஃபுஸ்தேரோ போன்ற அந்தக் காலத்து பிருடை கிதாரின் அடையாளத்தில் ஒரு பங்கு, பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

"வெளிநாட்டுல ஒருத்தர் விக்கிறார். வரவழைக்கலாமா?"

மரம்தான் முதல் கேள்வி. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. கடுமையான பட்டியல் அது. அந்த மரத்தில் செய்த கிதார் விற்பனைக்காக நாட்டெல்லை தாண்ட வேண்டுமானால், தடைக்கு முன்பே வெட்டிய மரம் என்ற சான்றிதழும் அனுமதியும் வேண்டும். விற்பவர் "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றால் விலகிவிடுங்கள். சுங்கத்தில் பறிமுதலானால் பணமும் போகும், ஒரு நல்ல கிதாரும் போகும்.

ஈட்டி உள்ளிட்ட மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017இல் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. 2019 நவம்பரிலிருந்து செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. மிகப் பழைய கிதாரில் நட்டோ சேடிலோ யானைத்தந்தமாக இருக்கலாம். அது தனிச் சிக்கல், எலும்பில் மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் வைக்கும்போது தந்திகளை ஓரிரு சுரம் தளர்த்தி, தலைக்கு அடியில் துணி வைத்து அசையாமல் அடைக்கச் சொல்வதும் முக்கியம்.

"நேர்ல போக முடியாது. போட்டோ பார்த்து முடிவு பண்ணலாமா?"

சரியான படங்கள் இருந்தால் முக்கால்வாசி முடிவுசெய்யலாம். 12ஆவது ஃப்ரெட்டில் அளவுகோல் வைத்த படம், சேடிலின் பக்கவாட்டுப் படம், தலையிலிருந்து பிரிட்ஜை நோக்கிக் கழுத்தோடு எடுத்த படம், மேல்பலகையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும் படம், லேபிள், உள்ளே கண்ணாடி வைத்து எடுத்த படம். இவற்றைக் கேளுங்கள். தர மறுப்பதும் ஒரு பதில்தான். ஒலிப்பதிவு கேட்டால் எதிரொலி சேர்க்காமல், கைப்பேசியிலேயே, மெதுவான ஒரு பகுதியை வாசித்து அனுப்பச் சொல்லுங்கள்.

"நம்ம ஊர் வெக்கைக்கும் ஏசிக்கும் இது தாங்குமா சார்?"

தாங்கும், கவனித்தால். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிதாருக்கு நிம்மதி. சென்னையின் ஈரம் பெரும்பாலும் அதற்கு மேலே. பலகை உப்பித் தந்தி உயரும், ஒலி மந்தமாகும், ஆனால் இது பெரும்பாலும் திரும்பிவிடும். காய்ந்துபோவதுதான் ஆபத்து. டெல்லியின் மே மாத வறட்சி, நாள் முழுதும் ஓடும் ஏசி, இவை பலகையைச் சுருக்கிப் பிளந்துவிடும். ஃப்ரெட் முனைகள் விரலில் குத்தத் தொடங்கினால் கிதார் காய்கிறது என்று அர்த்தம். ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள், கிதாரை ஏசி காற்றுக்கு நேரே மாட்டாதீர்கள், வாசிக்காதபோது கெட்டியான பெட்டிக்குள் வையுங்கள்.

பழைய கிதார்கள் பலவற்றில் பசை, நம் ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசை. சூட்டில் இளகும். அதனால்தான் பழுது பார்ப்பவர் பிரித்து ஒட்ட முடிகிறது, அதனால்தான் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிதாரை அரை மணி நேரம்கூட விடக் கூடாது.

"பார்க்கப் போறேன். கையில வாங்கினதும் என்ன வாசிக்கணும்?"

உங்களுக்கு நன்றாக வரும் உருப்படியை வாசிக்காதீர்கள், உங்கள் வாசிப்பைத்தான் கேட்பீர்கள். சுருதி சேர்த்துவிட்டு, ஆறு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டு வரை, மெதுவாக, ஒரே பலத்தில் மீட்டுங்கள். எந்த இடத்தில் சுரம் சட்டென்று செத்துப்போகிறது, எங்கே தேவைக்கு மேல் உறுமுகிறது, எங்கே ஃப்ரெட்டில் உரசுகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடம் எல்லாக் கிதாரிலும் இருக்கும். முதல் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒலி மெலிந்துபோகிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள், மட்டமான கிதார் பிடிபடும் இடம் அது. 12ஆவது ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் மணிச்சுரத்தையும் அங்கேயே அழுத்தி எழுப்பும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய தந்தியால்கூட மாறலாம், ஆகவே புதுத் தந்தி ஒரு செட் எடுத்துச்செல்லுங்கள்.

பிறகு, இருப்பதிலேயே சன்னமாக வாசியுங்கள். நல்ல கைவேலைக் கிதார் அந்தச் சன்னத்திலும் முழுசாகப் பேசும். முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப்போய் அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அறையின் மறுகோடியில் போய் உட்காருங்கள். மடியில் வைத்திருப்பவருக்குக் கேட்பது ஒன்று, எதிரே இருப்பவருக்குக் கேட்பது வேறு. பேரம் அதற்கப்புறம். 12ஆவது ஃப்ரெட் உயரம், சேடில் மிச்சம், விரிசல்கள், ஃப்ரெட் தேய்மானம் எல்லாம் எழுதிய தாள் கையில் இருக்கட்டும். பழுது பார்ப்பவரிடம் அதற்கான செலவை முன்கூட்டியே கேட்டு, சொன்ன விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.